இரவல் கண்மலர்

அண்ணி காபி டம்ளரை மேசைக்கு நாலு விரல் இப்பால் வைத்தாள்.

வெறும் காற்றில். பார்த்துக்கொண்டேதான் வைத்தாள். டம்ளர் நேராக இறங்கிச் சிமெண்டுத் தரையில் மோதி, உருண்டு போய்க் கதவு நிலையில் முட்டி நின்றது. சூடான காபி குந்தவையின் கால்விரலைத் தொட்டது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“சனியன் பிடிச்ச தூசி!” என்று சிரித்தாள் மங்களா அண்ணி. “ரோடு பூரா வைக்கோலக் காயப் போட்டு வச்சிருக்கானுங்க. கண்ணு மேல எண்ணெய்த்தாள் ஒட்டின மாதிரியே இருக்குடி.”

தை மாதக் கடைசி. கண்டியூரைச் சுற்றிச் சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. குடமுருட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அறுப்பு மிஷின் காலையிலிருந்து ஓயாமல் உறுமிக்கொண்டிருக்க, பதரும் சுணையும் கலந்த மஞ்சள் தூசி சன்னல் வழியே வெயிலோடு வெயிலாக உள்ளே வந்து, தையல் மிஷின் மேலும், தைக்கக் கொடுத்திருந்த கல்யாண ஜாக்கெட்டுகள் மேலும், தொண்டைக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லோரும்தான் கண்ணைக் கசக்கினார்கள்.

நம்பும்படியான காரணம். குந்தவை நம்பவில்லை.

அண்ணியின் கண்கள் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து அறையில். மூடி வைத்த லேப்டாப்பில்.

குந்தவைக்குத் தஞ்சாவூர் கீழவாசலில் சலாஹுதீன் பாயின் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை. காதுகுத்து, வளைகாப்பு, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி. மூன்று வருடமாக அதே நான்கு. ஆனால் அவள் ஆசை வேறு. பாட்டு நாடாவுக்கும் இசைத்தட்டுக்கும் அட்டை செய்ய வேண்டும். சென்னையில் இருக்கும் சாய்ராம் சாரிடம் இணைய வகுப்பில் சேர்ந்திருந்தாள். அவருடைய பாடம் ஒன்றே ஒன்றுதான்: பழைய அட்டை ஒன்றை எடுத்து, முதல் கோட்டிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும். எழுத்தின் சாய்வு, ஓரத்து வண்ணம், சிவப்பு மை அரை மில்லிமீட்டர் விலகி விழுந்த அச்சுப் பிழை உட்பட.

“அப்படியே செய்யுங்க. அழகுபடுத்தாதீங்க,” என்பார். “ஏன் அங்க வச்சான்னு உங்க கைக்குப் புரியணும். அதுக்கு முன்னாடி உங்க புத்தியக் காட்டாதீங்க.”

பதினோரு அட்டைகள் அப்படியே செய்தாள். பன்னிரண்டாவது, அண்ணியின் தகரப் பெட்டியில் கிடைத்த ஒரு கேசட். ‘வல்லம் சொர்ணம்மாள் – நடவுப் பாடல்கள்.’ நாற்பது வருடப் பழுப்பு. சுற்றிலும் பச்சைச் சட்டம். நடுவில் சிவப்பு ரவிக்கையில் ஒரு நடுவயதுப் பெண். தலையை ஒருபக்கம் சாய்த்து, வலது உள்ளங்கையைக் குவித்துக் காதோடு அணைத்திருந்தாள். கன்னத்தில் ஒரே ஒரு அம்மைத் தழும்பு. கண்கள் மூடியிருந்தன.

அட்டையின் உட்புறம் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதையும் குந்தவை எழுத்தெழுத்தாக நகல் எடுத்தாள். ‘ண்’-னுக்கு எத்தனை சுழி, ‘டி’-யின் வால் எவ்வளவு தூரம் என்று அளந்தாள். வரி என்ன சொல்கிறது என்று படிக்கவில்லை. எழுத்தைப் பார்க்கிறவர்கள் சொல்லைப் பார்ப்பதில்லை.

பிறகு முகத்துக்கு வந்தாள். அங்கேதான் கை அதன் பழக்கத்தைக் காட்டியது.

கண்ணீர் அஞ்சலிக்கு வருகிற படங்களில் பாதி, உயிர் போன பிறகு எடுத்தவை. “வேற போட்டோவே இல்லம்மா” என்பார்கள். கண்ணைத் திறந்துவிடுவது குந்தவையின் வேலை. வேறொரு படத்திலிருந்து கண்ணை வெட்டி, பொருத்தி, நிழல் தட்டி, ஓரத்துத் தோலைப் பக்கத்துத் தோலிலிருந்து நகல் எடுத்து மூடுவாள். நூறு பேருக்காவது திறந்திருப்பாள். பாய் ஒன்றுதான் சொல்லுவார்: “ஒரே மச்சம் ரெண்டு எடத்துல விழுந்துடப் போவுது, பாத்துக்கம்மா. செத்தவன் பொண்டாட்டிதான் மொதல்ல கண்டுபிடிப்பா.”

மூடிய முகத்தைப் பார்த்ததும் கை தானாகக் கண் தேடியது. பொங்கலன்று எடுத்த படம் மொபைலில் இருந்தது. பால் பொங்கும் நேரத்தில் அண்ணி நிமிர்ந்து, “பொங்கலோ பொங்கல்!” என்று கத்திய கணம். இரண்டு கண்ணிலும் அடுப்புத் தீ.

அண்ணியிடம் கேட்கவில்லை. நான்கு எட்டில் இருந்தாள் அண்ணி, காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம்.

வெட்டினாள். பொருத்தினாள். காத்திருந்ததுபோல் உட்கார்ந்தன.

மறுநாள் சாய்ராம் சார் போன் செய்தார். “கண்ணு பேசுதும்மா! ஒரிஜினல்லயே இப்படித்தானா?”



“ஆமா சார்.”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பழைய நாடாப் பாடல்களை இசைத்தட்டாக வெளியிடும் நண்பர்களுக்கு அவர் படத்தை அனுப்பினார். அவர்களிடம் பாட்டு இருந்தது, அட்டை இல்லை. இவள் செய்ததையே போட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். பின்னட்டையில் பெயர் வரும். ‘அட்டை: குந்தவை, கண்டியூர்.’ அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அசல் கோப்பை அதற்குள் அனுப்ப வேண்டும்.

அன்று சாயங்காலம்தான் அண்ணி முதல்முறை கண்ணைக் கசக்கினாள். “லேசா மங்குதுடி.”

அதோடு விட்டிருக்கலாம். அந்த வாரம் கடையில் அவசரம். “நல்ல கண்ணா ஒண்ணு வச்சிருக்கியேம்மா, அதையே போட்டு வுடு. வெளிய ஆட்டோ நிக்குது,” என்றார், அவள் மொபைலில் சொர்ணம்மாள் அட்டையைப் பார்த்திருந்த பாய். அம்மன்பேட்டை மிராசுதார் ஒருவருக்குப் போட்டாள். அன்று அண்ணியால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. உரக்கடைக்காரர் ஒருவருக்குப் போட்டாள். மறுநாள் அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி கேட்டாள். மூன்றாவது, ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர். அந்தப் படத்தின்போது குந்தவையின் கை ஒரு நிமிடம் நின்றது. பாய் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். கை போட்டுவிட்டது.

இன்று டம்ளர்.

“அப்படியே நில்லு, ஒட்டிக்கும்,” என்று அண்ணி கிழிந்த துணியோடு குனிந்தாள். காபி சிந்திய இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, காய்ந்த தரையைத் துடைத்தாள். நன்றாக அழுத்தித் துடைத்தாள்.



புதன்கிழமை தஞ்சாவூர்க் கண் டாக்டரிடம் போனார்கள். அவர் வெளிச்சம் அடித்தார், சொட்டு விட்டார், இன்னொரு மிஷினில் தாடையை வைக்கச் சொன்னார். “கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல,” என்றார். ஆனால் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டார். குனிந்து பார்த்தார். ஏதோ கேட்க வந்து, நர்ஸைப் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அவர் பார்த்ததைக் குந்தவையும் பார்த்தாள். அண்ணியின் கருவிழியில் விளக்கின் புள்ளி விழவில்லை.

ஸ்கூட்டியில் திரும்பினார்கள். பின்னால் உட்கார்ந்து அண்ணி அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். முன்பெல்லாம் பிடிக்கவே மாட்டாள். மூன்று மணி வெயில். பள்ளியக்கிரகாரம் வெண்ணாற்றுப் பாலத்துச் சுவரில் வரிசையாக மிராசுதார், மிராசுதார், மிராசுதார். ஆறு சுவரொட்டிகள், பன்னிரண்டு கண்கள். மீசை நரைத்த கிழவர் முகத்தில் முப்பத்தெட்டு வயதுப் பெண்ணின் கண். பஸ் நிறுத்தத்துச் சுவரில் கண்டக்டர். உரக்கடைக்காரர் மின்கம்பத்தில். பசை காய்ந்து தாள் சுருங்கியிருந்தது. கண் மட்டும் சுருங்கவில்லை. வண்டி போகப் போக, ஒவ்வொன்றாகத் திரும்பின. குந்தவையைப் பார்க்கவில்லை அவை. அவள் தோளுக்குப் பின்னால் இருந்தவளைப் பார்த்தன.

“என்னடி, யாரோ என்னையே மொறைக்கிற மாதிரி இருக்கு?” என்றாள் அண்ணி காதருகில்.

“வெயிலு அண்ணி.”

“வெயிலா! வெயிலு மொறைக்குமாடி? உங்க அண்ணந்தான் மொறைப்பாரு, அதுவும் சிங்கப்பூர்லேருந்து வீடியோ கால்ல.” சிரித்தாள். பிறகு மெதுவாக, “இந்த ஞாயித்துக்கிழமை புன்னைநல்லூருக்குப் போயிட்டு வந்துரலாம். ஆத்தாளுக்கு வெள்ளியில கண்மலர் சாத்துறேன்னு வேண்டிக்கிட்டேன். அவ கண்ணு, அவளுக்கே குடுத்துட்டா நம்மள விட்டுருவா.”

குந்தவைக்கு ஸ்கூட்டியின் கைப்பிடி நழுவியது. பத்தாவது படிக்கும்போது அம்மா போனாள். அதற்கடுத்த வருடம் அப்பா. புது மருமகளாக வந்த மங்களாதான் இவளுக்குத் தலை பின்னிவிட்டவள், சண்டை போட்டு அண்ணனிடம் லேப்டாப் வாங்கிக் கொடுத்தவள், “வரையட்டுங்க, அவ கை வரையிற கை” என்றவள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கோப்பைத் திறந்தாள். கண்ணைப் பெரிதாக்கினாள். இருநூறு. நானூறு. எண்ணூறு சதவீதம். கருவிழிக்குள் பொங்கல் தீ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் செவ்வகம் வெளிச்சமாகத் தெரிந்தது. சன்னல். அவளுடைய அறையின் சன்னல். அதன் முன்னால் ஒரு உருவம் குனிந்து உட்கார்ந்திருந்தது. தலை பின்னி, தோளில் துப்பட்டா.

குந்தவை மெல்லத் தன் வலது கையை உயர்த்தினாள்.

அதுவும் உயர்த்தியது.

லேப்டாப்பை அறைந்து மூடினாள்.

வியாழக்கிழமை. லீவு சொல்லிவிட்டாள். சென்னையிலிருந்து காலையிலேயே செய்தி வந்துவிட்டது: ‘இன்னைக்குள்ள கோப்பு வேணும்மா. நாளைக்கு அச்சு.’

பதினோரு மணிக்கு அண்ணி தையல் மிஷினில் உட்கார்ந்தாள். கண் தெரியாவிட்டாலும் கை தைத்தது. சிவப்பு ரவிக்கைத் துணி. அதே துணியில் நேற்று தனக்கும் ஒன்று தைத்து, இன்று அதைத்தான் போட்டிருந்தாள். கடகடவென்று ஓடி, நின்று, ஓடியது மிஷின். ஊசி விரலில் இறங்கிய சத்தம் தனியாகக் கேட்டது. அண்ணி விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

“குந்தவை. இங்க வா.”

வந்தாள்.

“எனக்குக் கண்ணு மங்குனதுலேருந்து நீ என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கிற. எனக்கு மூஞ்சி தெரியலடி, கொரல் தெரியுதுல்ல? கொரலு கீழ பாத்துப் பேசுது.” அண்ணி அவள் இருக்கும் பக்கம் கையை நீட்டினாள். கொஞ்சம் தள்ளி, வெற்றிடத்தைத் தடவியது கை. “என்கிட்டச் சொல்ல வேண்டியது எதாவது இருக்கா? இருந்தா சொல்லிடு. திட்ட மாட்டேன்.”

சொல்லிவிடலாம். நாலு வார்த்தை. உங்க கண்ணை நான் எடுத்துட்டேன். ஆனால் சொன்னால் சாரிடமும் சொல்ல வேண்டும். ‘ஆமா சார்’ என்றது பொய் என்று. அட்டை போகும். பெயர் போகும். ஒருவேளை சொல்லாமலே சரிசெய்துவிட முடியுமானால்? யாருக்கும் தெரியாமல்?

“ஒண்ணுமில்ல அண்ணி.”

அண்ணி கையை இழுத்துக்கொண்டாள். “சரி,” என்றாள். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வழி தெளிவாகத்தான் இருந்தது. அட்டையில்தான் ஆரம்பித்தது. அங்கே கண்ணை மூடிவிட்டால்? அசலில் இருந்தபடி. சார் சொன்னபடி. அப்படியே.

ஆனால் முகம் முழுவதையும் ஒரே படலமாக ஒட்டிச் சேமித்திருந்தாள். கண்ணை மட்டும் தனியாகப் பிரிக்க வராது. அசலை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியதுதான். கேசட் பெட்டியைத் திறந்து அட்டையை உருவினாள்.

சொர்ணம்மாள் அவளைப் பார்த்தாள்.

பழைய அச்சு மையில். நாற்பது வருடப் பழுப்போடு. மடிப்புக் கோட்டோடு. கண் திறந்திருந்தது.

அட்டை கையிலிருந்து விழுந்து குப்புறக் கிடந்தது. உட்புறத்துப் பொடி எழுத்து வரி மேலே தெரிந்தது. இந்த முறை படித்தாள்.

‘சொர்ணம்மாள் கண் மூடியே பாடியவர். தம் காலத்துக்குப் பின்னும் யாரும் திறக்க வேண்டாம் என்றார்.’

பன்னிரண்டு மணி. குடமுருட்டிக்கு அந்தப் பக்கம் அறுப்பு மிஷின் சாப்பாட்டுக்காக நின்றது. காலையிலிருந்து காதை அடைத்திருந்த உறுமல் ஓய்ந்ததும், உச்சி வெயிலுக்கு ஒரு சத்தம் இருப்பது தெரிந்தது. தாள் காய்கிற மாதிரி. வைக்கோல் வாசனை வரவில்லை. பசை வாசனை வந்தது. சுவரொட்டிப் பசை.

லேப்டாப்பில் குனிந்தாள். இமையை வரைந்தே ஆக வேண்டும். கன்னத்துத் தோலை நகல் எடுத்தாள். வலது கண் மேல் தேய்த்தாள். வெள்ளை விழி மறைந்தது. கருவிழி மறைய மறுத்தது. இன்னும் ஒரு தேய்ப்பு. அதற்குள் இருந்த சின்ன உருவம் கையை உயர்த்தியது. குந்தவை உயர்த்தவில்லை.

தேய்த்தாள்.

மறைந்தது.

அடுத்த அறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடகட. கடகட.

இடது கண். கன்னம். நகல். தேய்ப்பு. விரல் வியர்த்து வழுக்கியது. வேகமாக. யோசிக்காதே. கடகட. கட. பாதி மூடியது. கட. முழுவதும்.

கட.

இமைக்கோடு போடவில்லை. இமைமயிர் போடவில்லை. அப்புறம் போடலாம். முதலில் சேமி. சேமித்தாள். மூடினாள். சென்னைக்கு அனுப்பும் பொத்தானையும் அதே மூச்சில் அழுத்திவிட்டாள்.

திரை கறுத்தது. மூச்சு விட்டாள். பத்து நாளில் முதல் முழு மூச்சு.

மிஷின் நின்றிருந்தது.

“குந்தவை?”

அண்ணியின் குரல். சிரிப்பு இல்லை அதில்.

“யாருடி சன்னலச் சாத்துனது?”

எழுந்தாள். நிலைப்படி வரை போனாள்.

சன்னல் திறந்துதான் இருந்தது. பச்சை பெயிண்ட் அடித்த பெரிய சன்னல். அதன் முன்னால் அண்ணி, முகம் இவள் பக்கம் திரும்பி. தரையில் பட்டுத் தெறித்த உச்சி வெயில் அவள் முகம் முழுக்க அடித்தது.

கண் மூடியிருந்தது என்றுதான் முதலில் நினைத்தாள்.

மூடிய கண்ணுக்கு ஒரு கோடு இருக்கும். மயிர் இருக்கும்.

கோடு இல்லை.

புருவத்துக்குக் கீழே கன்னம். கன்னத்துத் தோல். அதே மேடு, அதே எண்ணெய்ப் பளபளப்பு, வழவழவென்று, ஓரம் தெரியாமல். சுத்தமான வேலை. ஒரே ஒரு பிழை. வலது பக்கம் ஓர் அம்மைத் தழும்பு. இடது பக்கம் அதே அம்மைத் தழும்பு. அதே அளவு. அதே சாய்வு.

அண்ணிக்கு அம்மை போட்டதே இல்லை.

“தொறக்க வரலடி,” என்றாள் அண்ணி. விரல்கள் முகத்தில் ஏறி, இடம் தேடின. கிடைக்கவில்லை. மறுபடி தேடின. “எங்கடி… குந்தவை, எங்கடி காணும்?”

தோலுக்கு அடியில் இரண்டு உருண்டைகள் நகர்ந்தன. இடப்பக்கம். வலப்பக்கம். நின்றன. இவள் இருந்த திசையில்.

“நீ அங்கதான் நிக்கிற. மூச்சுக் கேக்குது. சொல்லுடி. இப்பவாவது சொல்லு.”

குந்தவை வாயைத் திறந்தாள். 

அண்ணி தலையை ஒருபக்கம் சாய்த்தாள். வலது கையை உயர்த்தினாள். உள்ளங்கையைக் குவித்துக் காதோடு அணைத்துக்கொண்டாள், ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்பதுபோல்.

பச்சைச் சட்டத்துக்கு நடுவில். சிவப்பு ரவிக்கையில்.

அப்படியே. ஒரு புள்ளி விலகாமல்.